இலையின் இடது நுனி

பக்கவாதம் வந்து மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய மூன்றாம் நாள், பெரியப்பாவுக்கு இலை போட்டுச் சாப்பாடு வைத்தார்கள். இடது கை துவண்டு மடியில் கிடந்தது. வலது கைக்கு ஒன்றுமில்லை. தானே பிசைந்து சாப்பிட்டார். நாலு வாய் போனதும் நிமிர்ந்து, "உப்பு வைக்க மறந்துட்டியா?" என்றார். உப்பு இருந்தது. இலையின் நுனி சாப்பிடுகிறவரின் இடப்பக்கம் இருக்கவேண்டும் என்பதும், உப்பும் ஊறுகாயும் அந்த நுனியில்தான் என்பதும் எங்கள் வீட்டில் மாறாத வழக்கம். "இதோ இருக்கே, பாருங்க" என்று பெரியம்மா விரலால் தொட்டுக் காட்டினார். அந்த விரலையும் அவர் பார்க்கவில்லை. சோற்றின் வலது பாதியைச் சுத்தமாக வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "இன்னும் கொஞ்சம் சாதம் போடு" என்றார். இடது பாதி வரப்பு வெட்டினாற்போல நின்றது.

கண்ணில்தான் கோளாறு என்று நினைத்தோம். கண் மருத்துவர் சொட்டு மருந்து விட்டு, விளக்கடித்து, எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லி, எல்லாம் பார்த்துவிட்டு, "ரெண்டு கண்ணும் என் கண்ணைவிட நல்லாயிருக்கு, நான் பார்க்கவேண்டிய கேஸ் இல்லை இது" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். தஞ்சாவூரில் நரம்பியல் மருத்துவர் செய்த பரிசோதனைக்கு எந்தக் கருவியும் வேண்டியிருக்கவில்லை. எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, இரண்டு கைகளையும் அகல விரித்து, தன் மூக்கையே பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னார். பெரியப்பாவின் இடப்பக்கம் ஒரு விரலை மட்டும் ஆட்டினார். "எந்தப் பக்கம்?" "இடது." வலப்பக்கம் ஆட்டினார். "வலது." இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஆட்டினார். "வலது." மறுபடி இரண்டும். "வலதுதான் சார், எத்தனை தடவை கேப்பீங்க?"

மருத்துவர் என் பக்கம் திரும்பி, "தனியா வந்தா தெரியுது. துணையோட வந்தா தெரியல" என்றார். இந்த நோயைப் பற்றி அதற்குப் பிறகு நான் தேடிப் படித்ததெல்லாம் அந்த இரண்டு வாக்கியங்களுக்கு எழுதப்பட்ட உரை என்றே இன்றும் தோன்றுகிறது.

பெரியப்பா முப்பது வருஷம் அச்சகத்தில் ப்ரூஃப் பார்த்தவர். ஈய எழுத்துக் காலத்திலிருந்து கணினிக் காலம் வரை. ஒற்றுப்பிழையை அவர் கண்டுபிடிக்கும் வேகத்தைப் பார்த்து அச்சுக்கோப்பவர்கள் பயப்படுவார்கள். முக்கியமான பக்கங்களை வரியின் கடைசிச் சொல்லிலிருந்து முதல் சொல்லை நோக்கிப் படிப்பார். நேராகப் படித்தால் அர்த்தம் ஆளை இழுத்துக்கொண்டு போய்விடும், எழுத்து தப்பிவிடும் என்பது அவர் கட்சி. அப்படிப்பட்டவர் காலையில் பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு, "உயர்வு" என்றார். எது உயர்வு? தெரியாது. அடுத்த தலைப்பு, "கைது." அதற்கடுத்தது, "காலமானார்." தமிழில் வினை கடைசியில் வரும். வரியின் இடது பாதி போய்விட்டால் எழுவாய் போய்விடும். செயல் மட்டும் மிஞ்சும். யாரோ செத்துப்போனார், யாரையோ பிடித்துவிட்டார்கள், ஏதோ விலை ஏறிவிட்டது. ஆனால் தலைப்பில் பாதி இல்லை என்று அவருக்குத் தோன்றவேயில்லை. "இப்பல்லாம் மொட்டையா போடறான்" என்று பத்திரிகையைக் குறை சொன்னார்.

இதற்கு மருத்துவத்தில் வைத்திருக்கும் பெயர் 'ஒருபக்கப் புறக்கணிப்பு'. மூளையின் வலது அரைக்கோளத்தில், குறிப்பாகக் காதுக்கு மேலே பின்புறமாக உள்ள பகுதியில், ரத்தம் தடைப்பட்டால் வருவது. ஆங்கிலப் பெயரும் இதே பொருள் கொண்டதுதான். எனக்கு இந்தப் பெயர் பிடிக்கவில்லை. புறக்கணிக்க வேண்டுமென்றால் முதலில் ஒன்றைப் பார்த்திருக்க வேண்டும். பார்த்து, வேண்டாமென்று முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். பெரியப்பா எதிலிருந்தும் முகத்தைத் திருப்பவில்லை. இடப்பக்கம் என்று ஒன்று அவருடைய உலகத்தில் வருவதேயில்லை. நம் தலைக்குப் பின்னால் இருப்பதை நாம் இருட்டாகவா உணர்கிறோம்? அங்கே எதுவும் குறைவதாகவே தோன்றுவதில்லை. அதைப்போல.

'கவனி' என்கிற நம் சொல் இதைவிட மேல். பாடத்தைக் கவனி என்கிறோம். அம்மாவைக் கவனிச்சுக்கோ என்கிறோம். கொஞ்சம் கவனித்தால்தான் ஃபைல் நகரும் என்கிற அரசாங்க அலுவலகப் பொருளும் உண்டு. மூன்றிலும் பொதுவாக இருப்பது ஒரு சாய்வு. ஒன்றின் பக்கம் நாம் சாய்கிறோம், அப்போதே இன்னொன்றிலிருந்து விலகுகிறோம். இந்தச் சாய்வை மனசின் வேலை, ஒழுக்கத்தின் வேலை என்றே பள்ளிக்கூடத்திலிருந்து நமக்குச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். "கவனம் எங்கடா இருக்கு?" என்று கேட்டபடியே பிரம்பு வந்து விழும். பெரியப்பாவின் இலையைப் பார்த்த பிறகு எனக்கு அதில் சந்தேகம் வந்துவிட்டது.

மிலான் நகரத்தில் பேராலயத்துக்கு முன்னே ஒரு பெரிய சதுக்கம் இருக்கிறது. பேராலயத்தைப் பார்த்து நின்றால் வலப்பக்கம் பழைய அரண்மனை. இடப்பக்கம் கண்ணாடிக் கூரை போட்ட புகழ்பெற்ற அங்காடி வளாகம். அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு நம் ஊரின் தேரடி மாதிரி, கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய இடம். எடோர்டோ பிஸியாக், கிளாடியோ லுஸாட்டி என்ற இருவர் 1978இல் வெளியிட்ட சிறிய கட்டுரை அந்தச் சதுக்கத்தைப் பற்றியது. இடப்பக்கத்தை இழந்த இரண்டு நோயாளிகள், இருவருக்கும் சதுக்கம் அத்துப்படி. அவர்களை அங்கே கூட்டிப்போகவில்லை. மருத்துவமனையில் வைத்தே, "சதுக்கத்தின் அந்தக் கோடியில், பேராலயத்தைப் பார்த்து நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். என்னென்ன தெரிகிறது?" என்று கேட்டார்கள். நோயாளிகள் வலப்பக்கத்துக் கட்டடங்களைச் சொன்னார்கள். இடப்பக்கம் அநேகமாக வரவேயில்லை.

இதுவரை ஆச்சரியமில்லை. அடுத்து, "இப்போது பேராலயத்தின் வாசலில், அதற்கு முதுகைக் காட்டி நிற்கிறீர்கள். என்ன தெரிகிறது?" என்றார்கள். சற்று முன் விடுபட்ட கட்டடங்கள் வரிசையாக வந்தன. சொன்னவை மறைந்துபோயின.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. எதிரே எந்தப் பொருளும் இல்லை, கண்ணுக்கு எந்த வேலையும் இல்லை. ஞாபகமும் முழுசாகத்தான் இருந்திருக்கிறது. இரண்டு பதில்களையும் ஒட்டவைத்தால் சதுக்கம் முழுசாகக் கிடைக்கிறதே. இருந்தும், மனசுக்குள் விரித்த படத்தில்கூட இடது பாதி உதிர்ந்துவிட்டது. அப்படியானால் நினைத்துப் பார்ப்பதற்கும் ஒரு உடம்பு வேண்டியிருக்கிறது. அந்த உடம்புக்கு இடம், வலம் உண்டு. அது எங்கோ நின்றுகொண்டுதான் எதையும் பார்க்கிறது. 'நினைத்துப் பார்' என்று தமிழில் சும்மா சொல்லவில்லை. பெரியப்பாவிடம் நானும் சோதித்தேன், மிலானுக்குப் பதில் மகாமகக் குளத்தை வைத்து. கரையில் எங்கே நிற்கச் சொன்னாலும் வலப்பக்கத்து மண்டபங்களையே சொன்னார். பிறகு அவரை வேடிக்கைப் பொருளாக்கிவிட்டேனே என்று வெட்கமாயிருந்தது. அதோடு நிறுத்திக்கொண்டேன்.

பத்து வருடம் கழித்து, 1988இல், ஜான் மார்ஷலும் பீட்டர் ஹாலிகனும் ஒரு பெண்மணியைப் பற்றி எழுதினார்கள். அவருக்கு இரண்டு வீட்டுப் படங்கள் காட்டப்பட்டன. கோட்டுப் படங்கள், எல்லாவகையிலும் ஒன்றுபோல. ஒரே வித்தியாசம், ஒரு வீட்டின் இடப்பக்கம் தீப்பற்றி எரிகிறது. இரண்டும் ஒன்றா, வேறா? ஒன்றுதான் என்றார் அவர். சரி, இந்த இரண்டில் எந்த வீட்டில் குடியிருப்பீர்கள்? இதென்ன அசட்டுக் கேள்வி, இரண்டும் ஒரே வீடுதானே என்றார். ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள் என்று வற்புறுத்தியபோது, பெரும்பாலான முறை எரியாத வீட்டைத்தான் தொட்டார்.

கண்டும் காணாமல் என்று நம்மிடம் ஒரு வழக்கு இருக்கிறது. கடன் கொடுத்தவனைத் தெருவில் பார்த்தும் பாராததுபோல் போகிறவனைப் பற்றிச் சொல்வது. அந்தச் சொல்லில் உள்ள கள்ளத்தனத்தை மட்டும் கழற்றிவிட்டால் அந்தப் பெண்மணிக்கு அது அப்படியே பொருந்தும். தீ அவருக்குள் எங்கோ போய்ச் சேர்ந்திருக்கிறது. அவரிடம்தான் வந்து சேரவில்லை. இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும், ஏனென்றால் இந்தக் கதையை மேடையில் சொல்கிறவர்கள் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். பிஸியாக்கும் ருஸ்கோனியும் பிறகு வேறு நோயாளிகளிடம் இதே மாதிரிப் படங்களைக் காட்டியபோது, சிலர் எரியும் வீட்டையே விடாமல் தேர்ந்தெடுத்தார்கள். அதற்குக் காரணமும் சொன்னார்கள். ஆக, உள்ளே போய்ச் சேர்கிற தீ எல்லோரையும் காப்பாற்றிவிடுவதில்லை. ஆனால் காரணம் சொல்லத் தெரியாதவர் ஒருவரும் இல்லை.

தஞ்சாவூர் மருத்துவர் விரல் பரிசோதனைக்குப் பிறகு பெரியப்பாவைப் படுக்கவைத்து, சட்டைப்பையிலிருந்து ஸ்கூட்டர் சாவியை எடுத்து, பாதத்தின் வெளி ஓரமாகக் குதிகாலிலிருந்து மேல்நோக்கிக் கீறினார். வலது காலில் விரல்கள் கீழ்நோக்கி மடங்கின. இடது காலில் பெருவிரல் மெல்ல, யாரோ நூல் கட்டி இழுப்பதுபோல, மேலே எழுந்தது. மற்ற விரல்கள் விசிறியாக விரிந்தன. 'பாபின்ஸ்கி' என்று தாளில் எழுதி மேல்நோக்கி ஒரு அம்புக்குறி போட்டார்.

ஜோசப் பாபின்ஸ்கி 1857இல் பாரிஸில் பிறந்தவர், போலந்திலிருந்து அகதியாக வந்த பெற்றோருக்கு. நரம்பியலின் பெரிய ஆசானான ஷார்கோவிடம் பாடம் கேட்டவர். 1896 பிப்ரவரியில் உயிரியல் கழகக் கூட்டம் ஒன்றில் அவர் இந்தக் கால்விரல் சங்கதியைச் சொன்னார். அச்சில் 28 வரிதான். மருத்துவ வரலாற்றில் இத்தனை சின்னக் குறிப்பு இத்தனை காலம் நின்றது அபூர்வம். மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் நரம்புப் பாதையில் கோளாறு உண்டா என்று கண்டறிய, ஸ்கேன் வந்த பிறகும், உலகம் முழுக்க மருத்துவர்கள் சாவியால் காலைக் கீறிக்கொண்டிருக்கிறார்கள். பாபின்ஸ்கிக்கு ஒரு அண்ணன், ஹென்றி. சுரங்கப் பொறியாளர். 'அலி பாப்' என்ற புனைபெயரில் 1907இல் ஒரு பெரிய சமையல் புத்தகம் எழுதினார். இருவரும் மணம் செய்துகொள்ளாமல் ஒரே வீட்டில் இருந்தார்கள். அந்த வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் என்ன பேசிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கப் பிடிக்கும் எனக்கு.

பள்ளியில் 'அனிச்சைச் செயல்' என்று படித்தபோது அதை நான் முகர்ந்தால் வாடும் அனிச்ச மலரோடு குழப்பிக்கொண்டிருந்தேன். தொட்டதும் சுருங்குவது என்ற அளவில் குழப்பம் அவ்வளவு மோசமும் இல்லை. இச்சை இல்லாமல் நடப்பது அனிச்சை. முழங்காலைத் தட்டினால் கால் உதறுவதை 1875இல் எர்ப், வெஸ்ட்ஃபால் என்ற இரண்டு ஜெர்மானிய மருத்துவர்கள் தனித்தனியே, ஒரே இதழில் எழுதினார்கள். தட்டிய செய்தி தண்டுவடத்துக்குப் போய் அங்கேயே திரும்பிவிடுகிறது, மூளையைக் கேட்பதில்லை. மூளைக்குத் தகவல் மட்டும் பிறகு போகிறது.

பாபின்ஸ்கியின் கால்விரல் இதைவிட ஆழமானது. எங்கள் வீட்டில் அப்போது அக்காவின் ஐந்து மாதக் குழந்தை இருந்தது. மருத்துவமனையிலிருந்து திரும்பிய அன்றே, திருட்டுத்தனமாக, அதன் பாதத்தை விரல்நகத்தால் கீறிப் பார்த்தேன். பெருவிரல் மேலே எழுந்தது. பெரியப்பாவின் கால் மாதிரியே. குழந்தைகளுக்கு ஒன்று, ஒன்றரை வயது வரை அப்படித்தான். மூளையிலிருந்து இறங்கும் பாதை முதிர்ந்து, நடக்கத் தொடங்கும் காலத்தை ஒட்டி அது அடங்கிவிடுகிறது. அழிவதில்லை, மேலே ஒரு கை அதை அமுக்கிவைத்திருக்கிறது. எழுபது வருஷமானாலும் அந்தக் கை எடுக்கப்பட்டால் விரல் எழும். உள்ளங்கையில் எதை வைத்தாலும் பற்றிக்கொள்ளும் பச்சைக் குழந்தையின் பிடி, மூளையின் முன்பகுதி சிதைந்த முதியவர்களிடம் திரும்பி வருவதும் இப்படியே. பேரக்குழந்தை கை விரலைப் பிடித்தால் பாசம் என்கிறோம், தாத்தா பிடித்தாலும் பாசம் என்றே நினைத்துக்கொள்கிறோம். இருந்துவிட்டுப் போகட்டும்.

நரம்பு மண்டலத்தின் வேலை தூண்டுவது மட்டுமில்லை, அடக்குவதும்தான் என்பதைப் பொறுமையாகக் காட்டியவர் ஷெரிங்டன். 1932இல் நோபல் பரிசு பெற்றவர். அடக்குவது என்றால் சும்மா இருப்பதல்ல, அதுவும் ஒரு உழைப்பு என்றார். அந்த உழைப்பு நின்றுபோனால் எப்படியிருக்கும் என்பதை பிரான்சில் ஃப்ரான்ஸுவா லெர்மித் 1983இல் எழுதினார். மூளையின் முன்பகுதி பாதிக்கப்பட்ட ஒருவர் முன்னே ஒரு மூக்குக்கண்ணாடியை வைத்தார். எதுவும் சொல்லவில்லை. அவர் எடுத்துப் போட்டுக்கொண்டார். இன்னொன்றை வைத்தார். அதையும், முதல் கண்ணாடியைக் கழற்றாமல், மேலேயே போட்டுக்கொண்டார். கண்ணில் பட்ட பொருளெல்லாம் ஏவும் எஜமானாகிவிடுகிறது. கடைத்தெருவில் என் கை பண்ணுகிற காரியத்தை யோசித்தால் லெர்மித்தின் நோயாளிக்கும் எனக்கும் ஒரு கண்ணாடிதான் வித்தியாசம்.

இப்போது கவனத்துக்குத் திரும்பலாம். வலது மூளை கெட்டால் ஏன் இடப்பக்கம் மறைகிறது, இடது மூளை கெட்டால் வலப்பக்கம் ஏன் அந்த அளவுக்கு மறைவதில்லை? இதற்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. வலது மூளை இரண்டு பக்கத்தையும் காவல் காக்கிறது, இடது மூளை வலப்பக்கத்தை மட்டும்; அதனால் வலது போனால் இடப்பக்கத்துக்கு ஆளில்லை என்பது ஹெய்ல்மன், மெசுலாம் போன்றோர் சொன்னது. மற்றது கின்ஸ்போர்ன் சொன்னது: இரண்டு அரைக்கோளங்களும் கயிறிழுப்பவர்களைப்போல எதிரெதிர்ப் பக்கம் நம்மை இழுத்துக்கொண்டிருக்கின்றன, ஒன்று கயிற்றை விட்டதும் மற்றது நம்மை முழுசாகத் தன் பக்கம் சாய்த்துவிடுகிறது. பெரியப்பாவின் தலை எப்போதும் வலது ஜன்னலைப் பார்த்தே திரும்பியிருந்தது. இடப்பக்கம் ஆளில்லாததால் மட்டும் அப்படித் திரும்பியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை, வலப்பக்கம் இழுபட்டது. நான் மருத்துவனில்லை. ஆனாலும் என் ஓட்டு கின்ஸ்போர்னுக்கே. காரணம், காதில் ஊற்றிய தண்ணீர்.

வியன்னாவில் ராபர்ட் பாரனி என்ற காது மருத்துவர் இருந்தார். நோயாளிகளின் காதைக் கழுவும்போது சிலர் தலை சுற்றுகிறது என்றார்கள். தண்ணீர் குளிர்ந்திருந்தால் கண்கள் ஒரு பக்கமாகவும், சூடாக இருந்தால் எதிர்ப்பக்கமாகவும் துடிப்பதைக் கண்டார். உள்காதில் சமநிலையைக் காக்கும் உறுப்பு இருக்கிறது. தண்ணீரின் வெப்பம் அதிலுள்ள திரவத்தை நகர்த்துகிறது. தலை சுழல்வதாக எண்ணிக் கண்கள் அனிச்சையாக நகர்கின்றன. 1914ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டபோது அவர் ரஷ்யாவில் போர்க்கைதி. அவர் கண்டதை வைத்து, 1985இல் ரூபன்ஸ் என்ற அமெரிக்க நரம்பியலாளர் இடப்பக்கம் மறைந்த நோயாளிகளின் இடது காதில் குளிர்ந்த நீரை விட்டார். கண்கள் மெல்ல இடப்பக்கம் நகர்ந்தன. கண்ணோடு கவனமும் நகர்ந்தது. சில நிமிடங்களுக்குப் பெரும்பாலானோருக்கு இடப்பக்கம் திரும்பி வந்தது.

இதைவிட விசித்திரமானது அடுத்தது. பக்கவாதம் வந்த சிலர், கை செயலற்றுப்போனதையே ஒப்புக்கொள்வதில்லை. இதற்கு 1914இல் பெயரிட்டதும் பாபின்ஸ்கிதான்: நோயறியாமை. "இடது கையைத் தூக்குங்கள்" என்றால் தூக்கியாயிற்று என்பார்கள். கை மடியில் கிடக்கும். சிலர் அந்தக் கை தங்களுடையதே இல்லை என்பார்கள். இப்படி ஒரு மூதாட்டி, தன் இடது கை தன் தாயாருடையது என்றே சொல்லிக்கொண்டிருந்தார். பிஸியாக்கின் குழு அவர் காதில் குளிர்ந்த நீர் விட்டது. கை யாருடையது? என்னுடையது. நீரின் வேலை தீர்ந்தது. யாருடையது? அம்மாவுடையது.

வி. எஸ். ராமச்சந்திரன், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்துப் பிறகு கலிஃபோர்னியா போனவர், நோயறியாமை கொண்ட ஒரு பெண்மணியிடம் இதையே செய்தார். நீர் வேலை செய்துகொண்டிருந்த நேரத்தில் அந்தப் பெண்மணி, கை அசையவில்லை என்று ஒப்புக்கொண்டார். அது மட்டுமில்லை, பல நாட்களாகவே அசையவில்லை என்றார். ஆக, இத்தனை நாளும் மறுத்துக்கொண்டிருந்தபோது உள்ளே எங்கோ கணக்கு எழுதப்பட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. பிற்பாடு பழையபடி மறுத்தார். ஒப்புக்கொண்டதையும் சேர்த்து மறுத்தார்.

அறிவுரையால் முடியவில்லை, கண்ணாடியைக் காட்டியும் முடியவில்லை, பெற்ற பிள்ளைகள் அழுதும் முடியவில்லை. ஒரு சிரிஞ்சு குளிர்ந்த தண்ணீரால் முடிந்தது, கால்மணி நேரத்துக்கு. உண்மையை ஒப்புக்கொள்வது மன உறுதி சம்பந்தப்பட்டது என்றுதானே நாம் நினைக்கிறோம்? இங்கே அது கண்ணை இடப்பக்கம் திருப்பும் அனிச்சைச் செயலோடு கட்டப்பட்டுக் கிடக்கிறது. காதைத் திருகினால் புத்தி வரும் என்று நம்பிய என் கணக்கு வாத்தியார் இடத்தைச் சரியாகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார், முறைதான் தப்பு.

நலமாக இருக்கிறவர்களின் கவனத்தைப் பற்றி இன்று எழுதாதவர்கள் இல்லை. கைப்பேசி வந்து எல்லாம் கெட்டுப்போயிற்று என்பது அந்த எழுத்துகளின் சாரம். எனக்கு அந்தப் புலம்பலில் அக்கறையில்லை. கவனம் எந்தக் காலத்திலும் நம் சொத்தாக இருந்ததில்லை. 2013இல் வெளியான ஓர் ஆய்வில், நுரையீரல் சி.டி. படங்களில் கட்டி தேடும் 24 கதிரியக்க நிபுணர்களுக்கு, ஒரு படத்தில் கட்டியைப்போல 48 மடங்கு பெரிய கொரில்லா உருவத்தைச் செருகிக் கொடுத்தார்கள். 20 பேர் பார்க்கவில்லை. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோரின் கண்கள் அந்தக் கொரில்லாவின் மேலேயே பதிந்து விலகியிருந்தன. அவர்கள் மூளையில் எந்தக் கோளாறும் இல்லை, தொழிலில் தேர்ந்தவர்கள். அவ்வளவுதான் இதைப் பற்றிச் சொல்ல இருக்கிறது.

பெரியப்பா தேறினார், மெதுவாக. காதில் தண்ணீர் விடவில்லை. அதன் பலன் நிலைக்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் பெண் சொன்ன வழி எளிமையானது: பக்கத்தின் இடது ஓரத்தில் சிவப்பு மையால் தடிமனாக ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள், ஒவ்வொரு வரிக்கும் அந்தச் சிவப்பு கண்ணில் படும்வரை தலையைத் திருப்புங்கள், பட்ட பிறகு படிக்கத் தொடங்குங்கள். சிவப்பு மை அவருக்குப் பழகிய சாமான். முதலில், "ப்ரூஃப்ல கோடு போடறது தப்பு இருக்கிற இடத்துக்கு, தப்பே இல்லாத இடத்துக்கு இல்ல" என்று முரண்டு பிடித்தார். பிறகு காலைப் பத்திரிகை முழுக்க அவரே கோடு போட்டுக்கொண்டார். ஒரு நாள், "யாரு செத்தது தெரியுமா?" என்று பெயரோடு சொன்னார். நாங்கள் கைதட்டினோம். செத்தவரை நினைத்தால் அது சரியில்லைதான்.

எல்லோரும் தங்கள் குறையை அறியாமல் இருப்பதில்லை. திரைப்பட இயக்குநர் ஃபெலினிக்கு 1993 ஆகஸ்டில் ரிமினியில் பக்கவாதம் வந்து இடப்பக்கம் மறைந்தது. அவருக்கு அது தெரிந்தே இருந்தது. கோட்டின் நடுவைக் குறிக்கச் சொல்லித் தந்த தாள்களில் வேடிக்கைப் படங்கள் வரைந்து கொடுத்தார். அக்டோபர் கடைசி நாளில் இறந்தார். பெரியப்பாவுக்கு அந்த அறிதல் கடைசிவரை பாதிதான் வந்தது. வாசற்படியின் இடது நிலையில் இடித்துக்கொண்டால், யார் இதை இங்கே நகர்த்தியது என்று கேட்பார்.

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லத்தான் இத்தனையும் எழுத ஆரம்பித்தேன். பக்கவாதம் வந்த அந்தக் காலையில் பெரியப்பா கட்டிலிலிருந்து எழும்போது இடப்பக்கமாகச் சரிந்தார். பெரியம்மா பதறிப்போய் என்ன என்று கேட்க, "ஒண்ணுமில்ல, தூக்கக் கலக்கம்" என்றார். காபி டம்ளர் கையிலிருந்து விழுந்தது. "ஒண்ணுமில்ல." மத்தியானம் நான் போனபோது பேச்சு தெளிவாகவே இருந்தது, நினைவு தெளிவாகவே இருந்தது. எனக்கு ஒண்ணுமில்லடா, நீ போய் வேலையைப் பாரு என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த உலகத்தில் உண்மையாகவே ஒன்றும் இல்லை. நாங்கள் நம்பினோம், சாயங்காலம் வரை நம்பினோம். அடைப்பைக் கரைக்கும் ஊசியை முதல் நாலரை மணி நேரத்துக்குள் போட்டாகவேண்டும். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பத்து மணி நேரம் தாண்டியிருந்தது.

இடது மூளையில் அடைத்தால் பெரும்பாலும் பேச்சு போகும், வீடே பதறும். வலது மூளையில் அடைத்தவர் பேசுவார், சிரிப்பார், தனக்கு ஒன்றுமில்லை என்று உங்களைச் சமாதானப்படுத்துவார். அவரை நம்பாதீர்கள். முகம் கோணுகிறதா, ஒரு கை தளர்கிறதா, நடை ஒரு பக்கம் சாய்கிறதா என்று நீங்கள் பாருங்கள். பார்த்ததும் அவரோடு வாதாடாமல் 108ஐக் கூப்பிடுங்கள்.